மடக்கி அடித்த வேலி

வேலியை நான்தான் அடித்தேன். கோணல் இல்லை, ஆட்டம் இல்லை, இடுக்கு இல்லை. கடைசிப் பலகையை அடித்து முடித்தபோது நான் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். அது ஒன்றுதான் தப்பு.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். முன்னறையிலேயே வைத்தியம். எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே பொது வேலி. அதில் தன் சுரைக்கொடியை ஏற்றினார். கொடி அவருடையது, காய் தொங்கியது என் பக்கம், பாரம் வேலிக்கு. ஒரு காற்றில் ஆள் புகும் அகலத்துக்கு வேலி படுத்துவிட்டது.

"உங்க கொடிதான் சாய்ச்சுது" என்றேன்.

"கம்பம் சொத்தை சார். சொத்தைய வச்சுக்கிட்டு காய குத்தம் சொல்லாதீங்க."

என்னிடம். லாரிக்கு பாடி கட்டியே தலை நரைத்தவனிடம். மரத்தைப் பற்றி.

அன்றே சபதம் போட்டேன். இனி அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். அந்த மனுஷனிடம் ஒரு உதவியும் கேட்க மாட்டேன். பழைய வேலியை முழுக்கப் பிடுங்கிவிட்டு, என் தலைக்கு மேல் உயரமாகப் புது வேலி, என் கையால்.

என் பெண்டாட்டிக்கு முகம் சுண்டிப்போனது. வேலி விழுந்த சந்தில்தான் அவளும் டாக்டர் பெண்டாட்டியும் தினம் நின்று பேசுவார்கள்.

"அந்த எடத்துல ஒரு சின்னக் கதவு வச்சுடுங்களேன்."

"வேலின்னா வேலி. அதுல என்ன கதவு?"

"அப்புறம் நாங்க எங்க பேசுறது?"

"பேசாதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

என் திட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கத்தில்தான் கொடி தொற்றி ஏறும். ஆகவே சட்டமெல்லாம் என் பக்கம், வழுவழுப்பான பக்கம் டாக்டருக்கு. ஏறட்டும் பார்க்கலாம் அவர் சுரை. ஆனால் அப்படி அடிக்க அவர் தோட்டத்தில் நின்றாக வேண்டும். வேலி இல்லாத இடம் வழியாகவே போனேன். வாசற்படியை மிதிக்கவில்லை, கவனியுங்கள். டாக்டர் முன்னறையில் யாருடைய வாய்க்குள்ளோ இருந்தார். அவர் பெண்டாட்டி மட்டும் எட்டிப் பார்த்து, "தாராளமா அடிங்கண்ணா" என்றாள்.

என் பெண்டாட்டி எங்கள் பக்கம் நின்று பலகையைப் பிடித்தாள். லாரி வேலையில் ஆணியை அடித்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கம் வெளியே வரும் முனையை மடக்கி மரத்தோடு மரமாக அடித்துவிட வேண்டும். மடக்கிய ஆணி இந்த ஜென்மத்தில் கழலாது. முனைகள் அவள் பக்கம் வந்ததால் மடக்கும் வேலை அவளுக்கு. இங்கே நான் டக். அங்கே அவள் டொக்.

கடைசிப் பலகை. டக். டொக். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகத் திரும்பினேன். வீட்டைக் காணோம். வேலி இருந்தது.

ஏறிக் குதிக்கலாமென்று பார்த்தேன். கால் வைக்க ஒரு பிடி இல்லை. சுரைக்குச் செய்த ஏற்பாடு எனக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தோட்டத்திலிருந்து தெருவுக்கு ஒரே வழி, டாக்டர் வீட்டுக்குள்ளே.

"இந்தா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றது வேலி.

"கடைசிப் பலகைய கழட்டணும். ஆணி முனைய நிமிர்த்து."

"மடக்குனா இந்த ஜென்மத்துல கழலாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

"நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிறேன்னு அடிக்கும்போதே தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"சொல்லக் கூடாதா?"

"பேசாதீங்கன்னு சொன்னீங்களே."

பல்லைக் கடித்தேன். "ஏணிய எடுத்துப் போடு."

"கனமா இருக்குங்க. டாக்டர் வீட்டு வழியா வந்துடுங்க."

"அந்தப் படிய மிதிக்க மாட்டேன்."

"மிதிக்காதீங்க. தாண்டிடுங்க."

பலகையை உடைக்க வேண்டியதுதானே என்பீர்கள். நான் கட்டியதை நான் உடைப்பதா? டாக்டர் பெண்டாட்டி நாற்காலி கொண்டுவந்தாள். அதில் உட்காரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியதும் டாக்டர் வந்தார். வேலியைத் தடவிப் பார்த்தார்.

"அருமை சார். நல்ல பக்கத்த எங்களுக்குக் குடுத்திருக்கீங்க. யாரு செய்வா இப்படி?"

"கொடி ஏறாது" என்றேன்.

"தரையில படரட்டும் சார். அதுக்கென்ன. நீங்க ஏன் இங்கயே ஒக்காந்துட்டீங்க?"

"காத்து வாங்குறேன்."

"நல்லா வாங்குங்க. போறப்ப முன்னறையில வாயக் காட்டிட்டுப் போங்க, பாத்துடலாம்."

"என் வாய் நல்லாத்தான் இருக்கு."

"அது ஒண்ணுதான் நல்லா இருக்கு" என்றது வேலி.

டாக்டர் இருமிக்கொண்டே உள்ளே போனார். இருமலா அது.

எங்கள் வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது.

"ஏங்க, சாப்பாடு ஆறுது."

"பசியில்ல."

"கதவு?"

"முடியாது."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. வேண்டுமென்றே வேலியோரம் வந்து மென்றாள்.

"எத்தன அகலம்?" என்றேன்.

"ரெண்டு பேர் நின்னு பேசுற அளவுக்கு."

"இது சம்மதம் இல்ல. சும்மா கேட்டேன்."

"சரிங்க. தள்ளி நில்லுங்க."

ரம்பச் சத்தம் உடனே கேட்டது. தேடி எடுத்துவர நேரமே ஆகவில்லை. இந்தப் பக்கம் டாக்டர் பெண்டாட்டி வந்து பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கீலுக்கு எங்க போவா?" என்று கேட்டேன்.

"அக்கா நேத்தே வாங்கி வச்சுட்டாங்கண்ணா."

"சட்டத்த ஒட்டி அறு" என்று கத்தினேன்.

"தெரியும்" என்றது வேலி.

கதவு திறந்தது. தலை நிமிர்ந்து நடந்து என் தோட்டத்துக்குள் வந்தேன். வாசற்படியை மிதிக்கவில்லை. டாக்டரிடம் உதவி கேட்கவில்லை. சபதத்தில் ஒரு கீறல் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டுவிட்டு அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். ஒட்டவில்லை, தொங்கவில்லை, கிறீச்சிடவில்லை. தொழில்காரன் கண்ணால் ஒரு குறை தேடினேன். கிடைக்கவில்லை. மாட்டியவள் என் பெண்டாட்டி.