பத்து நிமிடத்தில் சர்வர் நிற்கும்

என் கணிப்பு ஒருமுறை அப்படியே பலித்தது. பொய்த்திருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், சங்கரன்கோவிலில் ஒரு பூ மண்டியின் ஏல மென்பொருளை நானும் என்னிடம் வேலை பார்த்த செல்வியும் பராமரித்து வந்தோம். எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கை அதுதான். சர்வர் அடிக்கடி நின்றுவிடும். மண்டி அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்கு நின்னுச்சுன்னா, பழையபடி துண்டுச்சீட்டுதான் வே. நீங்க கெளம்பிரலாம்."

நான் எதையும் குறித்து வைப்பவன். சர்வர் நின்ற ஒவ்வொரு நேரமும் நிமிட சுத்தமாக டைரியில் இருந்தது. (அன்று என்ன குழம்பு என்பதும்.) அந்த டைரியையும் சர்வர் பதிவுகளையும் கொடுத்து, கோளாறை முன்கூட்டியே சொல்ல ஒரு இயந்திரக் கற்றல் மாடலைப் பழக்கினேன். சொன்னதெல்லாம் நடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடித்தபசு காலை. ஏலம் சூடுபிடித்ததும், வழக்கம்போல முழுப் பரிசோதனையை ஓடவிட்டேன். பழைய ஏலங்கள் அத்தனையையும் அது முதலிலிருந்து படித்துச் சரிபார்க்கும். உடனே திரையில் மஞ்சள் எச்சரிக்கை: பத்து நிமிடத்தில் சர்வர் நிற்கும். பதறிப்போய் இன்னொரு பரிசோதனை. எச்சரிக்கை சிவப்பானது. மூன்றாவது பரிசோதனை.

"அண்ணாச்சி, இப்ப நின்னுரும்!" என்று மண்டிக்கே கேட்கும்படி கத்தினேன்.

நின்றது.

"சொன்னேம்லா!" என்றேன். (சத்தியமாக, சிரித்துக்கொண்டே.)

"நிக்கும்னு சொல்லவா வே உம்மள வச்சிருக்கு? மல்லி வாடுது!"

பதிவுகளைப் பார்த்த செல்வி என் பக்கம் திரும்பினாள். "சார், கீபோர்டுல இருந்து கைய எடுங்க. நீங்க பரிசோதிக்கும்போதுதான் சர்வர் திணறுது. நின்ன நேரத்த எல்லாம் டைரில எழுதுனீங்க, பரிசோதிச்ச நேரத்த எழுதலையே. மாடல் அதப் பதிவுல பாத்துக் கண்டுபிடிச்சிருக்கு."

மூன்றையும் நிறுத்தினாள். நான்கு நிமிடத்தில் சர்வர் எழுந்தது. அண்ணாச்சி எங்களை அனுப்பவில்லை, ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஏல நேரத்துல இவரு இங்கன வரக்கூடாது."

என் குற்றத்தை என் கையாலேயே கண்டுபிடித்த பெருமை வேறு யாருக்கு வாய்க்கும்? அந்த மாடல் இன்றும் ஓடுகிறது. வாசுதேவநல்லூரில் ஒரு மண்டியும் கேட்டு வாங்கியிருக்கிறது.

வீட்டில்தான் மதிப்பில்லை. நேற்று விசில் வரவில்லையே என்று குக்கர் பக்கம் போனேன்.

"நீங்க ஹால்ல போய் இருங்க. பரிசோதிச்சீங்கன்னா இதும் நின்னுரும்" என்றாள் மனைவி.

போய் உட்கார்ந்தேன். மூன்று விசில் வந்தது.