எத்தினைபேர் அண்ணையின் வொலியூம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தப் பொருளின் விலையையும் கேட்காமல் சீவிக்கக்கூடிய ஒரே மனிதர் எத்தினைபேர் அண்ணைதான். மீன் வாங்கிவருகிற ஆளை மறித்து நாங்கள் எல்லோரும் "என்ன விலை?" என்போம். அவர் "வாங்க எத்தினை பேர் நிண்டவை?" என்பார். பெயர் அப்படித்தான் வந்தது. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் இருந்தது. அவர் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். டிக்கெட்டின் விலையைக் கூட்டவோ குறைக்கவோ அவரால் ஆகாது. அந்தச் சின்ன ஓட்டைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்த உலகம் வரிசை ஒன்றுதான்.

ஒருமுறை வட்டுக்கோட்டைப் பக்கம் கோயில் ஏலத்தில் ஒரு மாம்பழம் சைக்கிள் விலைக்குப் போனது. ஊரே வாயைப் பிளந்தது. அண்ணை அசையவில்லை.

"எத்தினை பேர் கேட்டவை?"

"ரெண்டு பேர்தான் அண்ணை. கனடாக்காரரும் சுவிஸ்காரரும்."

"அப்ப உது மாம்பழத்தின்ரை விலை இல்லை. ரெண்டு பேரின்ரை கோவத்தின்ரை விலை."

இந்தக் கொள்கையோடுதான் அவர் பங்குச்சந்தைக்குள் இறங்கினார். நகரத்தில் ஒரு தரகர் நிலையம். பெரிய திரை, நாலைந்து கதிரை, குளிரூட்டி. அவர் வியாபாரத்துக்கு வருவார். நான் குளிரூட்டிக்கு வருவேன். விலைச் சுட்டெண் ஏறும் என்று பட்டால், அதை இழுத்துச் செல்கிற பெரிய பங்குகளைப் போனில் வாங்கி, இரண்டு மூன்று நாளில் விற்றுவிடுவது அவருடைய முறை. ஆனால் சுட்டெண் மட்டும் ஏறினால் போதாது. அன்றைக்குக் கைமாறிய பங்குகளின் தொகையும் பெருக வேண்டும். அதைத்தான் சந்தைக்காரர் வொலியூம் என்பார்கள். அண்ணை வரிசை என்பார்.

"சுட்டெண் ஏறுது, வொலியூமைக் காணேல்லை. வெறும் பஸ் ஹோன் அடிச்சுக்கொண்டு போகுது. நான் ஏறமாட்டன்."

பஸ் போனது. ஏறியவர்கள் லாபத்தோடு இறங்கி, அண்ணைக்கே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். வொலியூமோடு போன பஸ்ஸில் அண்ணை ஏறினால் அது முதல் சந்தியிலேயே நின்றது.

நாலு புத்தகம் வாசித்து ஒன்று எழுதியும்விட்ட தைரியத்தில் ஒருநாள் நான் வாயைத் திறந்தேன். "அண்ணை, சுட்டெண் எண்டது கன கொம்பனியைச் சேத்துக் கட்டின கணக்கு. அதுக்கெண்டு தனி வொலியூம் கிடையாது. எல்லாத்தையும் கூட்டித்தான் போடுறாங்கள். ஆர் வாங்கினது, ஏன் வாங்கினது எண்டு அந்தக் கூட்டுத்தொகை சொல்லாது."

"உம்மடை புத்தகத்தை எத்தினை பேர் வாங்கினவை?"

விவாதம் முடிந்தது.

அவருடைய மனைவி ரத்தினமக்காவோடு விவாதம் அப்படி முடியாது. அவ தெல்லிப்பழையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவ. ஒருநாள் தரகர் நிலையத்துக்கே வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் தீர்ப்புச் சொன்னா.

"இன்னும் ஒருக்காப் பிழைச்சால் அந்தப் போன் என்ரை கையிலை. பிறகு நீங்கள் என்னோடை தோட்டத்திலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுறியள். சரியோ?"

"ஓம்" என்றார் அண்ணை. "ஆனா வரிசை வராமல் அசையமாட்டன்."

அசையவில்லை. வாரக்கணக்கில் திரைக்கு முன்னால் கொக்குப்போல இருந்தார். "அண்ணை, வொலியூம் தெல்லிப்பழைச் சந்தியிலை நிக்குதாம். பஸ் கிடைக்கேல்லையாம்" என்று கதிரைக்காரர் நக்கலடித்தார்கள். "வரட்டும். நான் நிப்பன்" என்றார்.

ஒரு மத்தியானம் அது வந்தேவிட்டது. திரையின் அடியில் புல்லுப்போலக் கிடந்த கோடுகளுக்கு நடுவில் ஒரு கோடு பனைபோல எழும்பியது. சுட்டெண்ணும் ஏறியது. அண்ணை கதிரையை உதைத்துக்கொண்டு எழும்பினார்.

"வரிசை வந்திட்டுது!"

இருந்த காசு முழுவதற்கும் வாங்கினார். நானும் கொஞ்சம் வாங்கினேன். கொள்கை வேறு, ஆசை வேறு.

அடுத்தநாள் பனையைக் காணவில்லை, பழையபடி புல்லு. சுட்டெண் சறுக்கியது, அதற்கடுத்த நாளும் சறுக்கியது. நிலையத்தில் வேலைசெய்கிற பிள்ளை பக்குவமாகச் சொன்னாள்: "அண்டைக்கு வந்த வொலியூமிலை முக்காவாசி ஒரே கொம்பனி, அண்ணை. ஒராள் வித்தது, ஒராள் வாங்கினது. முதலே பேசி முடிச்ச விசயம்."

அண்ணை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழப்போகிறார் என்று பயந்தேன். சிரித்தார்.

"கோஷ்டி டிக்கெட்! திருவிழாவுக்குப் போற கோஷ்டி முழுக்கவுக்கும் ஒருத்தன் வந்து டிக்கெட் எடுத்திருக்கிறான். நான் வரிசை எண்டு நினைச்சிட்டன்."

"அப்ப வொலியூம் உதவாது எண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?"

"ஆர் சொன்னது? உதவும். எத்தினை எண்டு கேட்டாப் போதாது, எத்தினை கை எண்டும் கேக்கவேணும். பிழை வொலியூமிலை இல்லைத் தம்பி, என்ரை கண்ணிலை."

சொன்ன சொல் தவறவில்லை. பின்னேரமே போன் அக்காவின் கைப்பைக்குள் போனது. அண்ணை வெங்காயப் பாத்திக்குள் போனார்.

சில மாதம் கழித்து என் புதுப் புத்தகத்தின் வெளியீடு. சபையில் இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம். தலைவர் என்னை இமயம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் பெட்டி பூட்டின ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் வந்து நின்றது. பெட்டியிலிருந்து அண்ணை குதித்தார். பின்னால் அக்கா, புல்லுப் பிடுங்குகிற பெண்கள், தண்ணிப் பம்ப் திருத்துகிறவர், இன்னும் முகம் தெரியாத சனம். எல்லோரையும் வரிசையில் விட்டார்.

"ஒராள் ரெண்டு வாங்கப்படாது! வேற வேற கை!"

புத்தகம் விற்ற பெடியனிடம் சில்லறைக் காசு முடிந்துவிட்டது. அண்ணை மேடையடிக்கு வந்து என் காதுக்குள் சொன்னார்: "பாத்தீரோ? உது கோஷ்டி டிக்கெட் இல்லை. அசல் வரிசை."

ஒரு கிழமை நான் நிலத்தில் நடக்கவில்லை. பிறகு சந்தையில் அக்காவைக் கண்டேன்.

"மிச்சமிருந்த பங்கை விக்கவெண்டு அந்த மனுசன் போனை ஒருக்கா வாங்கினது தம்பி. அந்தக் காசைத்தான் ஆளாளுக்குக் கையிலை குடுத்து ஏத்திக்கொண்டு வந்தது. உமக்குச் சொல்லவேண்டாமாம்."

அண்ணையின் விதிப்படி பார்த்தால் அது ஒரே கையின் வொலியூம், நம்பக்கூடாது.

நான் நம்புகிறேன்.