அஞ்சு நாளில் நாலு ஊர்

"மூணு நாளை நாலால வகுத்தா ஊருக்கு முக்கால் நாள் வருது. அதுல தூக்கத்தைக் கழிச்சா ஊரே வரமாட்டேங்குதே!" என்று தலையைச் சொறிந்தார் டைம்கீப்பர்.

பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட மனிதர், ஒரே ஒரு சுற்றுலாவைக் கிளப்ப முடியாமல் சாப்பாட்டு மேஜையில் திணறிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். மனைவியை இத்தாலிக்கு அழைத்துப் போகிறார். லீவு ஐந்து நாள். போக ஒன்று, வர ஒன்று, மிச்சம் மூன்று.

எத்தனை ஊர் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் மனைவி அடுக்களையில் நின்றபடி தங்கையிடம் போனில் சொன்னதைக் காதாரக் கேட்டவர் அவர். "இத்தாலிக்குப் போயாவது நாலு..." அதற்குள் மிக்ஸி கிர்ரென்று அலறிவிட்டது. அலறினால் என்ன? நாலு என்றால் ஊர்தானே? இத்தாலிக்குப் போய் நாலு எருமை மாடா வாங்கப் போகிறாள்?

இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கேட்டது நாலு. அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது.

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், மிலான். தூக்கத்தை ரயிலுக்கு மாற்றினார். சாப்பிட நேரம் இடித்தது. சாப்பாட்டைப் பிளாட்பாரத்துக்குத் தள்ளினார். பெட்டி தூக்கக் கை இல்லாமல் போயிற்று. பெட்டியை முதுகுப்பையாகச் சுருக்கினார். அதில் துணி அடங்கவில்லை.

"அதுக்காக மூணு நாளும் ஒரே உடுப்பா?" என்றாள் மனைவி.

"ஊர்தான் மாறுதில்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

"போட்டோவுக்குத் தெரியுமே!"

"போட்டோவுக்கு ஏது நேரம்?"

கடைசியில் ஒத்திகையில் இறங்கினார். படுக்கையறை ரோம், அடுக்களை பிளாரன்ஸ், குளியலறை வெனிஸ், பால்கனி மிலான். மறந்துவிடக் கூடாதென்று கட்டளைகளைக் கொட்டை எழுத்தில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினார். கழுத்தில் டிப்போ விசில்.

"எழுந்திரு! எடு! ஓடு! ஏறு!"

"பிளாரன்ஸ்ல பால் பொங்குதுங்க!"

"பொங்கட்டும்! ரயில் நிக்காது! எடு! ஓடு!"

"வெனிஸ்ல தண்ணி வரலைங்க!"

"ஏறு!"

ஒத்திகையின் நாலாம் நாள், வெனிஸுக்கும் மிலானுக்கும் நடுவே, மனைவி முதுகுப்பையைத் தொப்பென்று போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரலை. நீங்களே போய்ட்டு வாங்க."

டைம்கீப்பருக்கு விசிலை விழுங்கியதுபோல் ஆகிவிட்டது. அவள் இல்லாத ரோமில் அவருக்கு என்ன வேலை? வேறு வழியில்லாமல் மச்சினியைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீயே நியாயம் சொல்லும்மா. நாலு ஊர் பாக்கணும்னு உங்கக்கா உன்கிட்டதானே சொன்னா? நான் இவ்வளவு பாடுபடறது யாருக்காக?"

மச்சினி அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள். மச்சினியின் கண் மெல்ல பிரிட்ஜுக்குப் போயிற்று.

"ஊரா? 'இத்தாலிக்குப் போயாவது அந்த மனுஷன் என்கூட நாலு வார்த்தை பேசமாட்டாரா'ன்னுதான் கேட்டா, அத்தான்! நீங்கதான் இங்கேயே பேசி முடிச்சிட்டீங்களே... எழுந்திரு, எடு, ஓடு, ஏறு!"