அரசிக்குச் சரிவராத மோதகம்

பிள்ளைகளே, கதை எழுதுகிற பெரியவர்கள் பலர் தங்கள் வீட்டு விஷயத்தை எழுதிவிட்டு, "எல்லாம் கற்பனை" என்று சொல்லிவிடுவார்கள். மற்றப் பெரியவர்களும் மரியாதைக்கு நம்பிவிடுவார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். நான் பட்டவன், சொல்கிறேன்.

நாங்கள் அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். நான் சீனன்குடாப் பக்கம் ஜெனரேட்டர் திருத்துகிறவன். படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான் (அதிலும் தமிழ்ப் பாடம் மயிரிழையில் தப்பியது). மகள் மதுரா ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய தமிழ் ரீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"கிழமைக்கு ஒரு பெற்றோர் வந்து பிள்ளையளோட வாசிப்புப் பயிற்சி செய்யினம். கதைமாந்தர், களம், சிக்கல், முடிவு, அவ்வளவுதான். ஒரு சின்னக் கதையை வாசிச்சு நாலு கேள்வி கேட்டால் போதும். வருவீங்களோ?"

"ஓம் ரீச்சர், கட்டாயம் வாறன்."

புத்திசாலி என்றால் பாடப் புத்தகத்தில் ஒரு கதையை எடுத்திருப்பான். நான் சொந்தமாக எழுதுவது என்று முடிவெடுத்தேன். யோசித்து யோசித்துப் பார்த்தும் ஜெனரேட்டரைத் தவிர ஒன்றும் வரவில்லை. கடைசியில் முந்தின வருட வாணிவிழா ஞாபகம் வந்தது.

நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் வாணிவிழாவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாள் பூசை. அன்றைக்கு மோதகம், அவல், கடலை எல்லாம் அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து போகும். வீட்டிலே செய்ததாக இருக்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். முந்தின முறை என் மனைவி வசந்தி அவித்த மோதகம் அத்தனையும் வெடித்து, பயறு வேறு மா வேறாகப் பிரிந்துவிட்டது. நான் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கடையில் வாங்கிவர, அதை எங்கள் வீட்டு வாளிக்கு மாற்றி அனுப்பினோம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முழுக்க வசந்தியின் கைப்பக்குவம்தான் பேச்சு. அந்த வருடம் வகுப்பின் மோதகப் பொறுப்பையே அவளிடம் கொடுக்கப்போவதாகக் கேள்வி. இரகசியம் மட்டும் எங்கள் குசினியைத் தாண்டவில்லை.

நான் வசந்தியை அரசியாக்கினேன். என்னை அரசனாக்கினேன். பள்ளிக்கூடத்தை அரண்மனையாக்கினேன். மோதகம் வெடித்ததையும் கடைக்கு ஓடியதையும் மட்டும் நடந்தபடியே எழுதினேன். இனி யார் கண்டுபிடிப்பார்கள்?

வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குப் பாடம் முடிய வாணிவிழாக் கூட்டமாம். அம்மாமார் எல்லோரும் வகுப்பின் பின்பக்கம் கதிரை போட்டு இருந்தார்கள். நடுவில் வசந்தி, நல்ல சேலையில். நான் என்ன கதை கொண்டுவந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப்போக ஏலாது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்து முடித்தேன்.

ரீச்சர் கரும்பலகையில் நாலு தலைப்பும் எழுதினார். நான் முதற்கேள்வியைக் கேட்டேன்.

"கதைமாந்தர் ஆர்?"

"அரசன், அரசி."

"கெட்டிக்காரர். களம்?"

முன்வாங்கில் இருந்த மிதுஷா என்ற பிள்ளை கையை உயர்த்தினாள். "அங்கிள், அரண்மனை எண்டு சொன்னீங்கள். ஆனா அரசர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவர் எண்டும் வாசிச்சனீங்கள்."

தாளைப் பார்த்தேன். உண்மைதான். (வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் எழுதியது. ஹெல்மெட் இல்லாமல் ஒருவரை வெளியே அனுப்ப என் கைக்கு மனம் வரவில்லை.)

"அது பிள்ளை, அந்தக் காலத்துக் கிரீடம்."

"அப்ப ஏத்தத்தில நிண்டுபோனது குதிரையோ?"

"குதிரைதான்."

"குதிரைக்குப் பெற்றோல் அடிச்சவர் எண்டு இருக்குது, அங்கிள்."

வகுப்பு சிரித்தது. வசந்தி சிரிக்கவில்லை. அவள் அந்தக் குதிரையை அடையாளம் கண்டுவிட்டாள்.

பாவம் ரீச்சர், அவருக்குப் பெரிய சந்தோசம். "இதுதான் பிள்ளையள் ஊகித்தல். கதை எழுதினவர் வெளிப்படையாச் சொல்லாததை நாங்கள் கண்டுபிடிக்கிறது. ஆதாரம் காட்டிச் சொல்லவேணும். இன்னும் ஆர் சொல்லப்போறீங்கள்?"

மிதுஷாவே திரும்ப எழும்பினாள். "ரீச்சர், அரசர் கடையில வாங்கின மோதகத்துக்குள்ள முந்திரிகை வற்றல் இருந்ததாம். வீட்டில ஒருத்தரும் அப்பிடிப் போடுறேல்லை. நான் ஒருக்காத்தான் அப்பிடி மோதகம் சாப்பிட்டனான். போன வருசப் பூசையில."

"அது ஆர்ட வீட்டு மோதகம்?" என்று ரீச்சர் ஒன்றும் அறியாமல் கேட்டார்.

மதுரா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியது.

பின்னாலிருந்து ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்: "வசந்தி அக்கா, எங்களுக்கும் கடையைச் சொல்லியிருக்கலாமே. நான் விடியமுதல் எழும்பி மா வறுத்து முதுகு முறிஞ்சனான்."

வசந்தி எழும்பினாள்.

"ஓம், கடை மோதகம்தான்," என்றாள். "அவிச்சது வெடிச்சுப்போட்டுது, சொல்ல வெக்கமாயிருந்தது. ஆனா அரசருக்கு இதில நல்ல அனுபவம் இருக்குது போல. இந்த முறை வகுப்புக்கு அவரே அவிக்கட்டும்."

அம்மாமார் கைதட்டினார்கள். இவ்வளவு நேரமும் வெறுமையாக இருந்த 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் ரீச்சர் அழகான கையெழுத்தில் எழுதினார்: மதுராவின் அப்பா மோதகம் அவிப்பார்.

வீட்டுக்குப் போகும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்த வசந்தியிடம், "கோவமோ?" என்று கேட்டேன். நடுவிலிருந்து மதுராதான் பதில் சொன்னாள்: "அப்பா, சும்மா ஓடுங்கோ."

பூசைக்கு முதல் நாள் குசினியை என்னிடம் தந்துவிட்டு இருவரும் வாசலில் கதிரை போட்டு இருந்து வேடிக்கை பார்த்தார்கள். மா கையில் ஒட்டியது, பிறகு சட்டையில், பிறகு எப்படியோ அலுமாரிக் கதவில். வசந்தியின் மோதகமாவது வெடித்தது. என்னுடையது உருகி, ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. கத்தியால் வெட்டிப் பிரித்துக் கொண்டுபோனேன்.

பூசை முடிய மிதுஷா ஒரு துண்டை எடுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் கடித்தாள்.

"அங்கிள், இது கட்டாயம் வீட்டில செய்ததுதான்," என்றாள். "ஆதாரம் தெரியுது."

மதுரா இப்போது உயர்தரம் படிக்கிறாள். இன்றைக்கும் நான் எதையாவது சமைத்து வைத்தால், மூடியைத் திறந்து பார்த்து, "ஓம், வீட்டில செய்ததுதான், ஆதாரம் தெரியுது" என்பாள். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அது பாராட்டு என்று நான் ஊகித்துக்கொள்வேன்.