ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிச் செய்தி

ஆறு மணிக்கு இன்னும் பதினோரு நிமிடம்தான் இருந்தது. போனில் "இந்த வாரம் பிள்ளைகள்" என்று தட்டிவிட்டு, அதற்கடுத்த சொல் கிடைக்காமல் அளவக்கா கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

செருப்புக் கடையில் அவளுக்கு வைத்த பெயர் அது. வாடிக்கையாளர் வாசற்படி ஏறும்போதே காலைப் பார்த்து, "எட்டு, அகலம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டே தடவைதான் தவறியிருக்கிறாள். கடை முதலாளி முதல் கூட்டுகிற ஆயா வரை எல்லாருக்கும் அவள் அளவக்காதான்.

அவளும் கணவரும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. கணவர் வேறு ஊரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும் என்று சொன்ன நீதிபதி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்குள், படிப்பு, உடம்பு, நட்பு, விருப்பம் என்று பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கையைத் தாய் தகப்பனுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. பல் விழுந்தது, சைக்கிள் பழகியது, பக்கத்துப் பெஞ்சுப் பையனோடு சண்டை என்று குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கதை சொன்ன பிள்ளைகள். இப்போது பெரியவளுக்குப் பதினைந்து, சின்னவனுக்குப் பன்னிரண்டு. கதவுக்கு உள்ளே போனவர்கள் அவர்கள், வெளியே நிற்பவள் அவள்.

"டேய், இந்த வாரம் ஸ்கூல்ல என்னடா நடந்தது?"

"ஒண்ணுமில்ல."

"அஞ்சு நாள் போயிருக்க. அஞ்சு நாளும் ஒண்ணுமில்லையா?"

"நாலு நாள்தான். திங்கக்கிழமை லீவு."

அதையாவது எழுதலாமா என்று யோசித்தாள். பெரியவளின் கதவைத் தட்டினாள்.

"அப்பாவுக்கு எழுதணும். உன்னைப் பத்தி என்னடி எழுத?"

"உயிரோட இருக்கான்னு எழுது."

போன வாரம் ஏறக்குறைய அதைத்தான் எழுதியிருந்தாள். "நலமாக இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறார்கள்." அவரிடமிருந்து பதில் வந்தது: "இதே ரெண்டு வரியத்தான் மூணு வாரமா அனுப்பற. பிள்ளைங்களைப் பாத்து எழுதறியா, பழைய மெசேஜைப் பாத்து எழுதறியா? வக்கீல்கிட்ட காட்டவேண்டியிருக்கும்."

ஆறு மணிக்கு மூன்று நிமிடம். அண்ணாந்து பார்த்தாள். அலமாரியின் உச்சியில் தூசி படிந்த செஸ் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் தொலைந்து வருடக்கணக்காகிறது.

"சின்னவன் செஸ் ஆடத் தொடங்கியிருக்கிறான். பெரியவள் தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடப் போகிறாள்" என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "அப்படியா! செஸ் மூளை என்கிட்டருந்து வந்தது!"

மூன்று வருடத்தில் அவர் போட்ட முதல் ஆச்சரியக்குறி. அளவக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அந்த நிம்மதிக்குப் புதன்கிழமை வரைதான் ஆயுள்.

புதன்கிழமை தகப்பன் போனில் பேசும் நாள்.

"செஸ்ஸா? யாரு?" என்றான் சின்னவன்.

அடுப்படியிலிருந்து அளவக்கா கரண்டியை ஆட்டி, 'ஆமான்னு சொல்லு' என்று வாயசைத்தாள்.

"ஆமாப்பா. ஆடறேன்."

"முதல்ல எந்தக் காயை நகத்துவே?"

சின்னவன் அம்மாவைப் பார்த்தான். அளவக்கா இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடிப்பது போலப் பிடித்து, இருந்த இடத்திலேயே குதித்தாள்.

"பைக்குப்பா," என்றான் சின்னவன். அவள் இன்னும் உயரமாகக் குதித்தாள். "இல்ல, இல்ல, குதிரை!"

அந்த வாரத்திலிருந்து ஞாயிறு செய்தியின் நகல் ஒன்று குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. "அப்பா கேட்டா இதைத்தான் சொல்லணும்" என்று உத்தரவு போட்டாள்.

முதல் எதிர்ப்பு பெரியவளிடமிருந்து வந்தது. "நான் எதுக்கும்மா அஞ்சரைக்கு எழுந்திருக்கேன்?"

"உடம்புக்கு நல்லதுடி."

"ஏழுன்னு மாத்து. கேக்கறவங்க நம்பணும்ல."

"எனக்குக் கணக்குல தொண்ணூத்திரெண்டா?" என்றான் சின்னவன்.

"ஏன், கம்மியா இருக்கா?"

"அறுபதே போதும்மா. பேராசை வேணாம்."

தொண்ணூற்றிரண்டு தொண்ணூற்றிரண்டாகவே இருந்தது. நாளாக ஆக, ஞாயிறு மாலைகளில் மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்தி தயாரிப்பது வழக்கமாகிவிட்டது. பெரியவள் வயலின் கற்கலாமா, வேண்டாமா? சின்னவனுக்கு உயிர்த்தோழன் யார்? "கணக்கு டீச்சர் பையன்னு போடும்மா, மரியாதையா இருக்கும்." அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஒரு வரி. அவன் ஷூ ஐந்து, பெரியவள் அழுததே இல்லை என்று இன்னொரு வரி. இல்லாத இரண்டு பிள்ளைகளைப் பற்றி மூன்று பேரும் அரை மணி நேரம் விடாமல் பேசினார்கள். இருக்கிற இரண்டு பேரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

எட்டாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இத்தனை திறமையுள்ள பிள்ளைகள் ஒரு செருப்புக் கடை ஊழியரின் இரண்டு அறை வீட்டில் வீணாகக் கூடாது. இவர்களின் எதிர்காலத்துக்குத் தகப்பனின் வீடே ஏற்றது. ஆகவே பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும்.

அளவக்கா நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். சரி, புகழ்ந்து எழுதியதால்தானே ஆசை வந்தது, திட்டி எழுதினால் ஆசை விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டாள். அடுத்த ஞாயிறு எழுதினாள்: "சின்னவன் தோற்றால் செஸ் பலகையைத் தூக்கி எறிகிறான். பெரியவள் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள்."

இரண்டாவது நோட்டீஸ் முதலாவதைவிட வேகமாக வந்தது. தங்கமான பிள்ளைகள் தாயின் கவனிப்பில் ஒரே வாரத்தில் கெட்டுப்போனதற்குத் தாய் அனுப்பிய செய்தியிலேயே சாட்சி இருக்கிறது. இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசகர் எல்லாரையும் தனித்தனியாக விசாரித்து அறிக்கை கொடுப்பார் என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

அன்று கடையில் ஒரு அம்மாளுக்கு ஆறாம் நம்பர் காலில் ஒன்பதாம் நம்பர் செருப்பை மாட்டிவிட்டாள். முதலாளி அவளைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டு என்னவென்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்கக்கா," என்றார் முதலாளி.

"உண்மை எனக்குத் தெரிஞ்சாத்தானே சார் சொல்ல முடியும்?"

முதலாளி கல்லாவை மூடினார். "ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க. போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க," என்றார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி விட்டு வந்தவர்கள், வேலைக்குப் போகாத அம்மாவைக் கண்டு கலவரப்பட்டார்கள். "உடம்பு சரியில்லையா?" என்றாள் பெரியவள். "இல்லடி, சும்மா." "சும்மாவா?" என்று இன்னும் பயந்துபோனாள்.

மூன்றாம் நாள் சின்னவன் படியேறி வரும்போது அளவக்கா அவன் காலைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் கால் பார்த்த கண். "இங்க வா," என்று உட்காரவைத்து, வாடிக்கையாளரின் காலை எடுப்பது போல அவன் காலை மடியில் எடுத்து வைத்து ஷூவைக் கழற்றினாள். கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது.

"இது ஆறுடா! அஞ்சை மாட்டிக்கிட்டு எத்தனை நாளா நடக்கிற? ஏன் சொல்லல?"

"ஃப்ரிட்ஜ்ல அஞ்சுன்னுதானே எழுதியிருக்க."

அவள் பாதத்தைத் தேய்த்துவிட்டாள். கால் மடியில் இருந்ததாலோ என்னவோ, அவன் தானாகவே பேச ஆரம்பித்தான். அவன் கூட்டாளி கணக்கு டீச்சர் பையன் இல்லை; திக்கித் திக்கிப் பேசுகிற ஒருவன். அவன் வீடு ஏழாவது மாடி. சின்னவன் ஏழு மாடியும் படியில்தான் ஏறுவான். லிஃப்டில் ஏறினால் மூச்சு முட்டுகிறது, கை வியர்க்கிறது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. அவரு லிஃப்ட்காரரு." கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் இரண்டு நத்தைகளை வளர்க்கிறானாம். அவள் குனிந்து பார்த்தாள். நிஜமாகவே இருந்தன. கணக்கில் நாற்பத்தொன்று.

பெரியவளுக்கு இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அவள் அறையைக் கூட்டும்போது கொத்துக் கொத்தாக முடி வந்தது, வேறு வேறு நிறத்தில், நீளத்தில். பதறிப்போய்க் கேட்டாள்.

"என் ஃப்ரெண்ட்ஸோடது. நான்தான் வெட்டிவிடறேன். நல்லா வெட்டறேன்னு எல்லாரும் சொல்றாங்க," என்று சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"எனக்கும் வெட்டிவிடேன்," என்றாள் அளவக்கா.

கண்ணாடி முன் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோல் காதருகே மெல்லச் சத்தமிட்டது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிராத அந்த நேரத்தில் பெரியவள் சொன்னாள். பெற்றோர் கூட்டத்துக்கு எல்லார் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். இவளுக்கு மட்டும் யாரும் வரவில்லை. பள்ளிக் கழிவறையில் போய் ஒரு மணி நேரம் அழுதாளாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி? நான்தான் வாராவாரம் கேக்கறேனே?"

"அப்பாவுக்கு எழுத என்ன இருக்குன்னுதான் கேட்ட. எனக்கு எப்படி இருக்குன்னு கேக்கல."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. நின்றிருந்தால் இருவருமே அழுதிருப்பார்கள்.

விசாரணை நாளன்று காலை, புறப்படும்போது அளவக்கா இருவரையும் நிறுத்தி முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அந்த மேடம் என்ன கேட்டாலும் பயப்படாதீங்க. இருக்கறதை அப்படியே சொல்லிடுங்க. சரியா?"

"நாங்க பாத்துக்கறோம்மா. நீ கவலைப்படாத," என்றாள் பெரியவள். சின்னவன் புது ஆறாம் நம்பர் ஷூவில் நிமிர்ந்து நின்றான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் பிள்ளைகளின் அப்பா, அந்த லிஃப்ட்காரர், முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கோப்பு. அதில் அவள் அனுப்பிய ஞாயிற்றுக்கிழமைச் செய்திகளை எல்லாம் அச்சடித்து, மஞ்சள் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார். பரீட்சைக்குப் போகும் பையனைப் போலக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அளவக்காவுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. 'படிங்க, நல்லாப் படிங்க' என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தார்கள். சின்னவன் வெளியே வந்து அம்மாவின் காதில், "ஒண்ணு விடாம சொல்லிட்டேன்," என்றான். பெரியவளும் வந்து அவள் கையை அழுத்தினாள். நத்தையைக்கூடச் சொல்லியிருப்பான் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்து உள்ளே போன லிஃப்ட்காரர் பத்தே நிமிடத்தில் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். சிரிக்கட்டும்.

ஆலோசகர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள். முன்னால் நான்கு தாள்கள். மூன்று நிறைந்திருந்தன.

"மேடம், நான் அனுப்பின மெசேஜ் பத்தி முதல்ல ஒண்ணு..."

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. எல்லார்கிட்டயும் இதே கேள்விதான். பையனோட நெருங்கின ஃப்ரெண்டு யாரு?"

அளவக்கா மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். திக்கிப் பேசுகிற பையன், ஏழாவது மாடி. அவனுக்கு எதைக் கண்டால் பயம்? லிஃப்ட். பொழுதுபோக்கு? நத்தை வளர்ப்பது, இரண்டு. கணக்கில்? நாற்பத்தொன்று. ஷூ? ஆறு. பெண் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள்? எழுப்பினால் எட்டு, எழுப்பாவிட்டால் பதினொன்று. அவளுக்கு எதில் ஆசை? முடி வெட்டுவதில்; பாருங்கள், இது அவள் வெட்டியதுதான் என்று தலையைத் திருப்பிக் காட்டினாள். கடைசியாக எப்போது அழுதாள்? பெற்றோர் கூட்டத்தன்று, பள்ளிக் கழிவறையில்.

தடுமாறவில்லை. ஒரு கேள்விக்குக்கூட யோசிக்கவில்லை. மூன்று வருடத்தில் முதல் முறையாக, தன் பிள்ளைகளைப் பற்றி யாராவது இன்னும் கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

ஆலோசகர் எழுதி முடித்தார். நான்கு தாள்களையும் அருகருகே வைத்து விரலை வரிவரியாக ஓட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, திட்டுவதற்கும் மனம் வராதவர் போல அவளைப் பார்த்தார்.

"தனித்தனியாத்தான் கேட்டேன். ரெண்டு பிள்ளைங்க சொன்னதும் அவங்க அப்பா சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருக்கு. உங்க பதில் மட்டும்தான் ஒண்ணுகூடச் சேரல. ஏம்மா, நீங்க அந்தப் பிள்ளைங்களோட ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?"