சம்பந்தி அம்மாவுக்கு, மாத்திரை விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளின் தகப்பன் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தாங்கள் நலமா, தங்கள் முழங்கால் நலமா என்பதைத் தனித்தனியாகத் தெரிவிக்கவும்.

நம் பெண்ணின் சிகிச்சை பற்றித் தங்களுக்குப் பக்குவமாகத் தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். போனில் சொன்னால் பதறிவிடுவீர்கள். முதலில் என் நன்றி. இத்தனை வருஷமாகக் குழந்தை இல்லை என்றால் மாமியார்கள் என்ன பேசுவார்கள் என்பது நான் அறியாததல்ல. தாங்களோ, "முதல்ல என் பையனைப் போய் டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க"ன்னு ஒரே போடாப் போட்டீங்க. மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போச்சு, ஆனா போனார். அவருக்குக் குறையில்லை, இவளுக்குத்தான் கருமுட்டை மாசாமாசம் சரியா வெளிய வரலைன்னு தெரிஞ்சப்பவும் நீங்க ஒரு சொல் சொல்லலை. அன்னைக்கு நான் குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழுதேன். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

மாப்பிள்ளைக்குப் பகல் ஷிஃப்ட், அதனால ஆஸ்பத்திரிக்குத் துணை நான்தான். டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: முட்டை வளர பழைய மாத்திரை ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டுக்கும் மசியலைன்னா ஊசி. நான் பெயிண்ட் கம்பெனி சோதனைப் பிரிவுல காலத்தை ஓட்டினவன். ரெண்டு பெயிண்டையும் ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல தடவி வெயில்ல வைக்காம எதையும் நல்லதுன்னு ஒத்துக்கிட்டதில்லை. வாய் சும்மா இருக்குமா? "ஒரே மாசத்துல ரெண்டையும் கொடுத்துப் பார்த்துடலாமே டாக்டர்"னுட்டேன். அவங்க பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "ஐயா, உங்க பொண்ணு பலகை இல்லை. அதுக்காகத்தான் நிறையப் பெண்களை ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஆளுக்கொரு மாத்திரை கொடுத்து, யாருக்குக் குழந்தை பிறக்குதுன்னு பார்த்திருக்காங்க. இவங்க உடம்புவாகுக்குப் புதுசுதான் கொஞ்சம் முன்னால நிக்குது. ஊசி இன்னும் வேகம், ஆனா ரெண்டு மூணுன்னு உருவாகிடலாம், அடிக்கடி ஸ்கேன் பண்ணிக் கவனிக்கணும்." மூணுன்னதும் எனக்கு ஆசைதான். பொண்ணு பார்த்த பார்வையில அதை அங்கேயே விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவங்க கொடுத்த புது மாத்திரையோட இருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். மாதவிடாய் நின்னுபோன பெண்களுக்கான மார்பகப் புற்றுநோய் மருந்துன்னு போட்டிருக்கு! எனக்கு உசுரே இல்லை. அவ கையிலருந்து மாத்திரையைப் பிடுங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், பின்னாலயே அவ "அப்பா, நில்லுங்கப்பா"ன்னு. "தப்பு மருந்து கொடுத்துட்டீங்களே!"ன்னு நான் போட்ட சத்தத்துல, காத்திருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் அவங்கவங்க பையைத் திறந்து மாத்திரையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டரம்மா வெளிய வந்து, "மருந்து சரிதான் ஐயா. அந்த நோய்க்குன்னு வந்தது. கொஞ்ச நாள் மட்டும் கொடுத்தா முட்டை வளர உதவுது. இதை அன்னைக்கே சொன்னேனே"ன்னாங்க. "எங்கிட்ட சொல்லலையே?" "உங்க முன்னாலதான் சொன்னேன். நீங்க அப்ப மூணு குழந்தைக்குப் பேர் யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க."

போன ஸ்கேன்ல ஒரு முட்டை நல்லா வளர்ந்து வந்திருந்துச்சாம். உண்டாகியிருக்காளான்னு பார்க்குற ரத்தப் பரிசோதனை வர்ற வாரம். என்ன வந்தாலும் நீங்க மனசைத் திடமா வச்சுக்கணும். நானே பக்குவமாச் சொல்றேன். அவ எதிர்ல வந்தா நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கறேன். ஆனா நீங்க அவகிட்ட, "குழந்தை வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் நீ இந்த வீட்ல முழு ஆள்தான்"னு சொன்னீங்களாம். பெத்தவன், எனக்கே அப்படிச் சொல்லத் தோணலையே அம்மா. இந்த ஜென்மம் முழுக்க உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கேன்.

தாங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து மற்ற மாமியார்களுக்கும் புத்தி சொல்ல வேண்டும் என விழையும்,
தங்கள் சம்பந்தி.

பி.கு.: தபாலில் போடச் சொல்லி இதைப் பொண்ணுகிட்ட கொடுத்தேன். நின்ன நிலையிலயே படிச்சுட்டு சிரிச்சா, அப்புறம் அழுதா. நேத்து மாப்பிள்ளையும் அவளும் சினிமாவுக்குன்னு கிளம்பினது அந்தப் பரிசோதனைக்குத்தானாம்; வர்ற வாரம்னு எங்கிட்ட சும்மா சொல்லியிருக்காங்க. உண்டாகியிருக்கா! உங்களுக்கு நேத்தே தெரியுமாம். "அத்தைதான்பா சொன்னாங்க, உங்கப்பா பதறிடுவாரு, நான் நாளைக்கு நேர்ல வந்து பக்குவமாச் சொல்றேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதேன்னு." இனி இதைத் தபாலில் போட்டு என்ன பிரயோஜனம்? வாங்க, கையிலேயே தர்றேன். ஆனா முதல்ல நீங்க பக்குவமாச் சொல்லுங்க. நான் அப்பத்தான் கேக்குற மாதிரி, முறைப்படி பதறிக்கறேன்.