எட்டுப் பத்தை விட்டவர்

பல்லு மூச்சிரைக்க நடைமேடைக்கு ஓடி வந்தபோது எட்டுப் பத்து வண்டியின் கடைசிப் பெட்டி மட்டும் தெரிந்தது. அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு போனது.

அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிஷம். சட்டைப்பையில் ஒரு டப்பா, அதற்குள் ஒரு முழு மேல்வரிசைப் பல். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் பதினான்கு வருஷமாக வேலை பார்ப்பதால் அவரைப் பெற்றவர்களே தாங்கள் வைத்த பெயரை மறந்து பல்லு என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த வரிசையை வீட்டுக்கு எடுத்துப்போய் மெருகேற்றியிருந்தார். ஒன்பது மணிக்கு அதன் சொந்தக்காரர் வெறும் வாயோடு பட்டறையில் வந்து உட்கார்ந்திருப்பார்.

முதலாளி நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். “இந்த மாசம் ரெண்டு தடவை ஆச்சு. இன்னொரு தடவை லேட்டா வந்தா வாசலோட அப்படியே திரும்பிப் போயிடு.”

“ஐயா, ஒரு வண்டியை விட்டா அடுத்ததுக்கு நாப்பது நிமிஷம் ஆகுதுங்க.”

“நாப்பது நிமிஷத்துக்கு ஒரு வண்டியா? யாருக்குக் காது குத்தறே?”

முதலாளி பிறந்ததிலிருந்து காரில் போகிறவர். அவரிடம் ரயிலைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாற்பத்தெட்டு வயதில் பல்லைத் தவிர வேறு எதுவும் தெரியாதவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்? படித்துக்கொண்டிருக்கும் இரண்டு மகள்களின் முகங்களும் பல்லுவின் கண்முன் வந்துபோயின.

அப்போதுதான் அதே நடைமேடையின் மறுபக்கத்துப் புதுத் தண்டவாளத்தில், அவர் போகவேண்டிய திசையை நோக்கி ஒரு வண்டி வந்து நின்றது. ஒரு வருஷமாகப் பாதையை இரட்டிப்பாக்கி, சிக்னல்களையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ‘விரைவில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில்’ என்ற பலகை வெயிலில் வெளுத்தே போய்விட்டது. இப்போது பளபளவென்று ஒரு ரயில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஈ காக்கை இல்லை. குறுக்கே ஒரு கயிறு, அதில் ஓர் அட்டை: ‘சோதனை ஓட்டம். பொதுமக்கள் ஏறக்கூடாது.’

பல்லு அதைப் படித்தார். படித்துவிட்டுத்தான் கயிற்றுக்கடியில் நுழைந்தார்.

கதவு மூடிக்கொண்டது. வண்டி பறந்தது. அவர் இறங்கவேண்டிய நிலையம் வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது. பல்லு கதவோரம் இருந்த அவசரப் பொத்தானை அழுத்தினார்.

கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “யாரு, பயணியா?”

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். “ஆ... ஆமாங்க.”

“ஏறியாச்சா? நல்லது. உக்காருங்க. ரெண்டு நிமிஷத்துல விளக்கு போயிடும்.”

“விளக்கு ஏன் போகணும்?”

“புகை வரப்போகுதில்ல?” என்றது குரல், மிகவும் சாதாரணமாக.

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. விளக்கு போயிற்று. இருக்கைக்கடியிலிருந்து, சொன்ன சொல் தவறாமல், புகை வந்தது. பல்லு முதலாளியைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, ரயில்ல மாட்டிக்கிட்டேன். புகை வருதுங்க!”

“போன வாரம் சிக்னல், இந்த வாரம் புகையா? நாளைக்கு என்ன, பூகம்பமா?”

பல்லு ஒரு கையால் இருட்டில் துழாவி அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார். வண்டி சுரங்கத்தின் நட்டநடுவில் குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் டப்பா எகிறி விழுந்து திறந்துகொண்டது. மேல்வரிசை தரையில் சறுக்கி எங்கேயோ போய்விட்டது.

அவர் மண்டியிட்டுத் தவழ்ந்தார். புகை நெஞ்சை அடைத்தது. இதுவரை வேலை போய்விடுமே என்றுதான் பயம். இப்போது உயிரே போய்விடும் போலிருந்தது. வீட்டில் காலையில் சரியாகச் சொல்லிக்கொண்டுகூடக் கிளம்பவில்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

“ஐயா, என் பொண்டாட்டி பிள்ளைங்களைக் கைவிட்டுடாதீங்க...” என்று ஆரம்பித்தவரின் விரலில் ஏதோ ஒன்று நறுக்கென்று குத்தியது. அலறிவிட்டார். “ஐயோ, கடிச்சிடுச்சு!”

முதலாளியின் குரல் மாறிற்று. “எது கடிச்சுது?”

“பல்லுங்க!”

“நீ பல்லுதான்யா! கடிச்சது எது?”

அதற்குள் கதவு திறந்தது. கை விளக்குகளின் வெளிச்சம். மஞ்சள் சட்டை போட்ட இருபது பேர் தண்டவாளத்தில் நின்றுகொண்டு கைதட்டினார்கள். பல்லு, ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் பல்வரிசையுமாகத் திருதிருவென்று விழித்தார்.

தலைமைப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறி வந்தார். “பிரமாதம்! இந்த வண்டி நின்னதும் பின்னால வந்த வண்டியும் தானா நின்னுடுச்சு. இனி அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு தாராளமா விடலாம்.” பல்லுவைத் திருப்பி, அவர் முதுகிலேயே சோதனை அறிக்கையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பல்லு அவர் பக்கம் திரும்பினார். “ஐயா, அட்டையைப் படிச்சேங்க. தெரிஞ்சேதான் ஏறினேன். ஜெயில்ல போட்டுடாதீங்க.”

“பாருங்கய்யா, மனுஷன் இன்னும் விடலை!” என்று பொறியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “பயத்துல பல்லு செட்டே கழண்டுடுச்சு! நமக்கு இது தோணவே இல்லையே!”

கைப்பேசியில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். “என்னய்யா அங்க சிரிப்பு, கைதட்டல்? புகைன்னே, சாகப்போறேன்னே. எல்லாம் டூப்பா? இனிமே பட்டறைப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே!”

பல்லு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போது உதவிப் பொறியாளரான ஒரு பெண், கையிலிருந்த ஒலிபெருக்கியை அணைக்கக்கூட மறந்து ஓடி வந்தாள். சுரங்கம் முழுவதும், கைப்பேசி வழியாகப் பட்டறை வரைக்கும், அவள் குரல் எதிரொலித்தது.

“சார், பயந்துபோன பயணியா நடிக்க நாம ஏற்பாடு பண்ணின ஆள் இப்பதான் பேசினார். எட்டுப் பத்தை விட்டுட்டாராம். அடுத்த வண்டிக்கு நாப்பது நிமிஷம் ஆகும்னு அங்கேயே உக்காந்திருக்காராம்!”